துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, வாரியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கூட்டும் கருவிக்கு ஏன் இத்தனை பெயர், எது சரி, எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். முதலில் சொற்கள், பிறகு பொருள், கடைசியில் வழக்கமும் இலக்கணமும்.

1. துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, வாரியல்... எல்லாம் ஒண்ணுதானா? இதுல எது சரியான தமிழ்?

எல்லாமே சரியான தமிழ்தான். ஒன்று உயர்ந்தது, மற்றவை கொச்சை என்ற பிரிவு இதில் கிடையாது. வட மாவட்டங்களில் துடைப்பம் (பேச்சில் தொடப்பம்), கொங்குப் பக்கம் சீமாறு, நெல்லை, குமரிப் பக்கம் வாரியல், மதுரையிலிருந்து கிழக்கே வாருகோலும் விளக்குமாறும். இலங்கைத் தமிழர் விளக்குமாறு, ஈர்க்குமாறு, தும்புத்தடி என்பார்கள். பெருக்குமாறு, கூட்டுமாறு என்ற பெயர்களும் உண்டு. ஊர் எல்லைபோல இவை கோடு கிழித்துப் பிரியாது. கல்யாணமாகி வருகிறவர்கள் தங்கள் ஊர்ச் சொல்லையும் கொண்டுவருவதால் ஒரே வீட்டில் மாமியார் ஒரு பெயரும் மருமகள் ஒரு பெயரும் சொல்வது சாதாரணம்.

பெயர்களைக் கவனித்தால் இரண்டு வகை தெரியும். செய்யும் வேலையால் வந்தவை ஒரு வகை: துடை, விளக்கு, பெருக்கு, கூட்டு, வாரு, சீ. எதனால் கட்டியது என்பதால் வந்தவை இன்னொரு வகை: ஈர்க்கு (தென்னை ஓலையின் நடுக்குச்சி), தும்பு, பூ. கடையில் கேட்கும்போது இரண்டாவது வகைப் பெயரைச் சொன்னால் தேவையானது கைக்கு வரும். வெறுமனே துடைப்பம் என்றால் கடைக்காரர் "எது?" என்று திருப்பிக் கேட்பார்.

2. விளக்குமாறுல வர்ற 'மாறு' என்னது? மாற்றமா?

மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே மாறு என்பது காய்ந்த குச்சி, மிலாறு. பருத்தி எடுத்து முடிந்தபின் காட்டில் நிற்கும் காய்ந்த செடிக்குப் பருத்திமாறு என்று பெயர். பேச்சில் பருத்திமார். மிளகாய்மாறு, துவரைமாறு எல்லாம் அப்படித்தான். அடுப்பெரிக்கக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைப்பார்களே, அதே மாறுதான். அந்தக் குச்சிகளில் ஒரு பிடியை எடுத்துக் கட்டினால் களத்தைக் கூட்டலாம். குச்சியின் பெயர் கருவிக்கும் ஆகிவிட்டது. மாறு என்று தனியாகச் சொன்னாலே துடைப்பம் என்ற பொருளும் உண்டு.

ஆக, விளக்குமாறு என்றால் விளக்குகிற மாறு. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. பெருக்குமாறு, கூட்டுமாறு, வாருகோல் எல்லாம் இதே அமைப்பில் வந்தவை. வாருகோலில் மட்டும் மாறுக்குப் பதில் கோல்.

3. சாமி விளக்குக்கும் விளக்குமாறுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே சொல்லை ரெண்டுக்கும் வெச்சது தப்பில்லையா?

தப்பே இல்லை, இரண்டும் ஒரே வேரில் வந்தவை. விளங்கு என்றால் ஒளிர். விளக்கு என்றால் ஒளிரச் செய். அடங்கு, அடக்கு என்பது போல. இருட்டில் இருப்பதை ஒளிரச் செய்வது விளக்கு. கரி பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவதும் விளக்குதல்தான். பல் விளக்குகிறோம், குத்துவிளக்கையே புளி போட்டு விளக்குகிறோம். புரியாததைப் புரிய வைப்பது விளக்கம். அந்த வரிசையில், குப்பை மூடிய தரையைத் தெளிவாக்கும் குச்சிக்கட்டு விளக்குமாறு. அழகான சொல் இது. வசையில் கேட்டுக் கேட்டு அதன் வெளிச்சம் நமக்கு மறந்துபோயிற்று.

4. வீட்டைக் கூட்டு, பெருக்குன்னு கணக்குப் பாட வார்த்தையைச் சொல்றோமே, ஏன்?

கூட்டுதல் நேரடிப் பொருள்தான். சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் கூட்டுவது, அதாவது சேர்ப்பது. எண்ணைக் கூட்டுவதும் அதே சேர்ப்பது.

பெருக்குதல் கொஞ்சம் வேறு. வீட்டிலிருந்து ஒன்றை வெளியே தள்ளும் வேலைக்குக் கழி, தள்ளு என்று சொல்ல மனம் வராமல், பெருக வேண்டும் என்ற எண்ணத்தோடு பெருக்கு என்றார்கள் என்பது வழக்கமான விளக்கம். இலக்கணத்தில் இந்த வகைக்கு மங்கலம் என்று பெயர். விளக்கை அணை என்னாமல் குளிர வை, அமர்த்து என்று சொல்வது இதற்கு நல்ல உதாரணம். திருஷ்டியைக் கழிக்கிறோம், வீட்டை மட்டும் கூட்டிப் பெருக்குகிறோம் என்பதைப் பார்க்கும்போது விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது.

நெல்லைப் பக்கம் "வாசலைத் தூத்து" என்பார்கள். தூர்த்தல் என்ற பழைய சொல்லின் பேச்சு வடிவம் அது. வாருதல் என்பது கையாலோ முறத்தாலோ அள்ளுவது. கூட்டி வாரிக் கொட்டு என்னும்போது மூன்று தனித்தனி வேலைகள் வரிசையாக வருகின்றன.

5. சீமாறுல இருக்கிற 'சீ' அருவருப்பா சொல்ற சீயா?

இல்லை. சீத்தல் என்றால் ஒதுக்கித் தள்ளுதல், கீறிக் கிளறுதல். கோழி குப்பையைச் சீய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு காலை முன்னே வைத்து, நகத்தைப் பரப்பி, மண்ணைப் பின்னால் இழுத்துத் தள்ளும். ஈர்க்குமாறின் விரிந்த நுனி தரையில் செய்வதும் அதே அசைவுதான். சீக்கிற மாறு சீமாறு. மாறுக்கான பொருள் 2ஆம் பதிலில் சொன்னதே.

6. இலங்கையில தும்புத்தடின்னு சொல்றது விளக்குமாறையா?

அது வேறு பொருள். தும்பு என்பது தேங்காய் மட்டையின் நார். கட்டையில் நாரைச் செருகி நீளத் தடி பொருத்தியது தும்புத்தடி. நின்றபடியே வீட்டுக்குள் கூட்டலாம். முற்றத்துக்கும் வளவுக்கும் (வீட்டைச் சுற்றியுள்ள இடம்) ஈர்க்குமாறு. ஈர்க்கை அங்கே ஈர்க்கில், ஈக்கில் என்று சொல்வார்கள். மலையாளத்திலும் ஈர்க்கில்தான், துடைப்பத்துக்கு அவர்கள் சொல் சூல். மலேசியாவில் மலாய்க்காரர்கள் ஈர்க்கை லிடி என்பார்கள், அங்குள்ள தமிழர்களுக்கும் பழகிய சொல். தென்னை இருக்கும் இடமெல்லாம் இந்தக் கருவியும் இருக்கிறது.

7. கோயில்ல கூட்டுறதுக்குத் தனிச் சொல் இருக்காமே?

இருக்கிறது. அலகு. கோயிலைக் கூட்டுவது அலகிடுதல், கோயில் துடைப்பம் திருவலகு. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர், நெஞ்சைக் கூப்பிட்டு, நிலைபெற வேண்டுமானால் தினமும் கோயிலுக்குள் போய், "புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்குமிட்டு" பூமாலை கட்டிச் சாத்தச் சொல்கிறார். பொழுது விடியுமுன் கூட்டு, பிறகு மெழுகு, பிறகுதான் பூவும் பாட்டும். கூட்டுவது வழிபாட்டுக்கு முந்தைய எடுபிடி வேலையாக இல்லாமல் வழிபாட்டின் முதல் படியாகவே அங்கே நிற்கிறது.

ஒடிசாவின் பூரியில் தேர்த் திருவிழாவின்போது கஜபதி மன்னர் மரபில் வந்தவர் தங்கக் கைப்பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைக் கூட்டுவது இன்றும் நடக்கிறது. இதைச் செரா பஹன்ரா என்பார்கள்.

8. இங்கிலீஷ்ல ப்ரூம்னா ஒரு செடியோட பேர்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. ப்ரூம் என்பது முதலில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு புதர்ச்செடியின் பெயர். அதன் மெல்லிய குச்சிகளைக் கட்டித் தரை கூட்டியதால் செடியின் பெயர் கருவிக்கு ஏறியது. அதற்கு முன் ஆங்கிலத்தில் புழங்கிய சொல் பீசம். மாறு விஷயத்தில் தமிழில் நடந்ததும் இதேதான் (2ஆம் பதில்). ஒன்றையொன்று பார்த்து வந்ததில்லை, குச்சியைக் கட்டிக் கூட்டுகிற எங்கும் இப்படி நடக்கும்.

அந்தச் செடியை நம் பக்கமே பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்த ஸ்காட்ச் ப்ரூம், உதகையைச் சுற்றியுள்ள மேல்மலைப் புல்வெளிகளில் பரவி, அங்கேயே உரிய புற்களை நெருக்கி அழிக்கிறது. பார்க்க அழகாக மஞ்சளாகப் பூத்திருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாற்று மட்டும் எடுத்து வராதீர்கள்.

9. எங்க வீட்ல டைல்ஸ் தரை, வெளியில சிமெண்ட் வாசல். ஒரே துடைப்பம் போதாதா?

போதாது. வழவழப்பான தரையில் ஈர்க்கின் நுனிகளுக்கு நடுவே மெல்லிய தூசி நழுவிப் போய்விடும். பெரிய குப்பை மட்டும் வரும். பூந்துடைப்பத்தின் பஞ்சு போன்ற பூ அந்தத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதே பூந்துடைப்பத்தைச் சொரசொரப்பான வாசலில் இழுத்தால் ஒரே மாதத்தில் பூவெல்லாம் உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சும்.

உள்ளே டைல்ஸ், மொசைக், கிரானைட்டுக்குப் பூந்துடைப்பம். வாசல், மண்தரை, மாடி, மாட்டுக்கொட்டகைக்கு ஈர்க்குமாறு. குளியலறை, தண்ணீர் தள்ளும் இடத்துக்குத் தேய்ந்த ஈர்க்குமாறு அல்லது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் துடைப்பம் தண்ணீருக்கு நல்லது, ஆனால் வெயிலில் விட்டால் முறுகி ஒடியும். கொதிநீர் பட்டால் இழை வளைந்து திரும்ப நிமிராது. மாவு கூட்ட வைத்திருக்கும் சின்னத் துடைப்பத்தை எந்தக் காரணத்துக்காகவும் தரையில் வைக்கக் கூடாது.

10. பூந்துடைப்பம் எந்தச் செடியில இருந்து வருது?

அது ஒரு உயரமான புல். இரண்டு ஆள் உயரம்கூட வளரும். தாவரவியலில் தைசனோலீனா. துடைப்பமாவது அதன் பூங்கதிர். மேகாலயா, திரிபுரா, அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங், நேபாள மலைகளில் பெருமளவு விளைகிறது. மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தவும் அங்கே இதை நடுகிறார்கள். ஆந்திரத்தின் கிழக்கு மலைத்தொடரிலும் உண்டு. தெலுங்கில் கொண்ட சீப்புரு, அதாவது மலைத் துடைப்பம்.

அறுவடை ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை. இதில்தான் தரம் அமைகிறது. முற்றுமுன் அறுத்தால் காம்பு நைந்துபோகும். அதிகம் முற்றவிட்டால் பூ கட்டுமுன்னே உதிரத் தொடங்கும். சரியான பருவத்தில் அறுத்ததில் காம்பு வளைந்து நிமிரும், பூவில் லேசான பச்சையோ செம்மையோ தெரியும்.

நம் மலைகளில் ஈச்சை ஓலையிலும் துடைப்பம் கட்டுகிறார்கள். சத்தியமங்கலம், நீலகிரிப் பக்கத்து மலைக் குடிகளுக்கு மலை ஈச்சை ஓலை அறுப்பது ஒரு வருமானம். சமவெளியில் துடைப்பப்புல் என்றே பெயருள்ள புல் வறண்ட மேடுகளில் வளரும். கட்டினால் மெல்லிய துடைப்பம் கிடைக்கும்.

11. புதுசா வாங்கின பூந்துடைப்பம் கூட்டக் கூட்ட அதுவே குப்பை போடுது. என்ன பண்றது?

விழுவது பூவின் உமியும் மகரந்தமும். முதல் ஒன்றிரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும், குறை அல்ல. வீட்டுக்குள் கொண்டுவருமுன் மொட்டை மாடியிலோ தெருவிலோ காம்பைப் பிடித்து, பூப்பகுதியைச் சுவரோரத்தில் இருபது முப்பது முறை லேசாகத் தட்டுங்கள். பிறகு பழைய, அகலப் பல் சீப்பால் காம்பிலிருந்து நுனி நோக்கி வாருங்கள். எதிர்த்திசையில் வாரினால் நல்ல பூவும் கையோடு வரும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். உமி அடங்கும் என்பது சரி, ஆனால் முழுக்கக் காயாவிட்டால் கட்டின் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும். சீப்பே போதும். இரண்டு வாரம் தாண்டியும் கொத்துக் கொத்தாக விழுந்தால் அது அதிகம் முற்றிய கதிர்.

12. கடையில வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்?

பூந்துடைப்பத்தில் பிடிக்குமேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அழுத்திப் பாருங்கள். உள்ளே காம்பு நெருக்கமாக இருக்க வேண்டும். பருமனாகத் தெரிய வேண்டும் என்று நடுவில் வேறு தட்டைகளைச் செருகியிருந்தால் அழுத்தும்போது பொள்ளலாக இருக்கும். ஒரு காம்பைப் பிடித்து இழுங்கள், உருவக் கூடாது. பூ நுனிகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் தரையில் சீராகப் படியும்.

ஈர்க்குமாறில் ஒரு குச்சியை வளைத்துப் பாருங்கள். வில்லாக வளைந்து நிமிர்ந்தால் நல்லது, பட்டென்று ஒடிந்தால் பழசு. குச்சியில் ஓலைச் சிலும்பு ஒட்டியிருந்தால் அது கூட்டும்போது உதிரும். நுனி ஊசியாக மெலிந்து முழுசாக இருக்க வேண்டும். நுனியைக் கத்தரித்து மட்டம் செய்ததை வாங்காதீர்கள், மண்ணை அள்ளுவதே அந்த நுனிதான்.

13. வீட்ல ரெண்டு தென்னை மரம் இருக்கு. ஈர்க்குமாறு நாமளே கட்ட முடியுமா?

தாராளமாக. ஒரு தென்னை மட்டையில் 200 முதல் 250 ஓலை இருக்கும். மட்டையின் அடியிலும் நுனியிலும் உள்ளவை குட்டை. நடுப்பகுதியில் உள்ள நீள ஓலைதான் உதவும். ஆகவே கைக்கு அடங்கிய ஒரு நல்ல மாறுக்கு இரண்டு மூன்று மட்டை வேண்டும். தானாக விழுந்த மட்டை போதும், ஆனால் மழையில் கிடந்து கறுத்ததை எடுக்காதீர்கள், குச்சி இற்றிருக்கும்.

ஓலையை மட்டையிலிருந்து அறுத்தெடுத்து, கத்தியை ஈர்க்கோடு ஒட்டிப் பிடித்து, தடித்த அடியிலிருந்து நுனி நோக்கி ஒரு பக்கம் சீவுங்கள். திருப்பி மறுபக்கம். பிறகு கத்தியின் முதுகால் வழித்தால் மிச்சச் சிலும்பும் போகும். கத்தி சாய்ந்தால் ஈர்க்கே பிளந்துவிடும், அதனால் வேகம் வேண்டாம். சீவியதைப் பரப்பி மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பச்சை ஓலை என்றால் ஒரு வாரம். இந்தக் காய்ச்சலைக் குறைத்தால் எல்லாம் வீண், காரணம் அடுத்த பதிலில்.

காய்ந்ததை நீளவாரியாகப் பிரித்து, தடித்த அடிகளை ஒரே பக்கம் வைத்துத் தரையில் தட்டி மட்டமாக்குங்கள். பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டும் தொடாமலும் இருக்கும் பருமன் போதும். அடியிலிருந்து மூன்று விரல் தள்ளி முதல் கட்டு, அதிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டாவது கட்டு. தேங்காய்க் கயிற்றை நனைத்துக் கட்டினால் காயும்போது இறுகும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி இழுத்துச் சுற்றுவது இன்னும் உறுதி. கடைசியாக, கூராக்கிய மூங்கில் ஆப்பு ஒன்றை அடியின் நடுவில் வைத்துச் சுத்தியால் அடித்து இறக்குங்கள். குச்சிகள் பக்கவாட்டில் நெருங்கி, கட்டு கல்லாகிவிடும். அடியில் ஏறுக்குமாறாக நீட்டிக்கொண்டிருப்பதை அரிவாளால் மட்டம் செய்தால் உள்ளங்கையில் குத்தாது.

14. கட்டி ஒரு மாசத்துல தளர்ந்து குச்சி குச்சியா உருவுது. எங்க தப்பு?

பெரும்பாலும் ஈரம்தான். சரியாகக் காயாத ஈர்க்கு கட்டியபிறகு காய்ந்து சுருங்கும். கட்டு அதே அளவில் இருக்கும், உள்ளே இருப்பது மெலிந்துவிடும். இரண்டாவது காரணம், ஆப்பு இல்லாதது. மூன்றாவது, ஒரே கட்டு போடுவது. அப்போது அந்த இடமே அச்சாகி, கூட்டும் ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சிகள் அசையும்.

கூட்டிக்கொண்டே இருக்கும்போது மாறைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தைப் படியில் நாலு தட்டுத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கிவந்த குச்சிகளை மேலேற்றி மட்டமாக்கும் செயல் அது. தினமும் இரண்டு முறை அப்படித் தட்டினால் ஆயுள் கூடும். அதற்கும் அடங்காவிட்டால் பழைய ஆப்பின் பக்கத்தில் இன்னொரு மெல்லிய ஆப்பு இறக்குங்கள், அவிழ்த்துக் கட்ட வேண்டாம்.

15. கூட்டினா தூசி பறக்குது, முதுகும் வலிக்குது. வேற முறை இருக்கா?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஒட்டடை அடிக்க வேண்டிய நாளில் அதை முதலில் முடித்துவிட வேண்டும். பிறகு மூலை, கட்டிலடி, அதன்பின் நடுத்தரை. பூந்துடைப்பத்தைத் தரையோடு ஒட்டி இழுங்கள். இழுப்பின் முடிவில் மேலே வீசித் தூக்குவதுதான் தூசியைக் கிளப்புகிறது. மண்வாசலில் கையால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டலாம். அதிகம் தெளித்தால் சேறாகி ஈர்க்கில் அப்பும்.

முதுகு வலிக்குக் காரணம் கருவியின் நீளம். குட்டையான மாறைக் குனிந்து பிடிக்கும்போது இடுப்பு முழு எடையையும் தாங்குகிறது. நெஞ்சுயரக் கம்பில் மாறைக் கட்டிக்கொண்டால் நிமிர்ந்தே கூட்டலாம். தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களில் பலர் ஈர்க்குமாறை நீண்ட மூங்கிலில் கட்டி வைத்திருப்பது இதனால்தான். குட்டை விளக்குமாறைக் கொடுத்து ஒருவரைத் தெரு முழுக்கக் கூட்டச் சொல்வது கொடுமை. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதே நியாயம் உண்டு, அவர்கள் உயரத்துக்கு ஏற்ற துடைப்பம் வாங்கி வையுங்கள்.

16. துடைப்பத்தை நிக்க வெச்சா சண்டை வரும்னு பாட்டி சொல்றாங்க. படுக்கத்தான் வைக்கணுமா?

சண்டையின் கதை எப்படியோ, பாட்டி சொல்வதைக் கேட்டால் துடைப்பத்துக்கு நல்லது. நுனி தரையில் படும்படி சாத்தினால் அதன் எடையே நுனியை வளைத்துவிடும். பூந்துடைப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்துவிடும், பிறகு மூலைக்குள் போகாது. படுக்க வைப்பது நல்லது, காம்பில் கயிறு போட்டுத் தரையைத் தொடாமல் தொங்கவிடுவது அதைவிட நல்லது. நனைந்த ஈர்க்குமாறை மட்டும் அடி கீழாக நிறுத்தி, நுனி வெயில் பார்க்கக் காய வையுங்கள்.

17. விளக்கு வெச்ச பிறகு பெருக்கக் கூடாது, ஆள் கிளம்பினதும் பெருக்கக் கூடாதுன்றாங்களே, எதுக்கு?

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அகல்விளக்கு வெளிச்சத்தில் கூட்டினால் கழன்று விழுந்த மூக்குத்தித் திருகும் காசும் குப்பையோடு போய்விடும் என்பது முதலாவதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம். இப்போது குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பயம் இல்லை. இருட்டிய பின் கூட்ட நேர்ந்தால் குப்பையை ஓரமாக ஒதுக்கி வைத்துக் காலையில் அள்ளுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது சாவு வீட்டோடு சேர்ந்தது. உடலை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கூட்டிக் கழுவுவது வழக்கம். ஊருக்குக் கிளம்பியவர் வாசல் தாண்டியதும் கூட்டினால் அந்த நினைவு வரும். அதனால்தான் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். இதில் பெரியவர்களோடு வாதாடத் தேவையில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டினால் ஆயிற்று.

18. துடைப்பம் லட்சுமியா, மூதேவியா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஊரைப் பொறுத்தது. வட இந்தியாவில் தீபாவளிக்கு முன் வரும் தன்தேரஸ் நாளில் புதுத் துடைப்பம் வாங்குவது லட்சுமியை வரவேற்பதாகக் கருதப்படுகிறது. அங்கே அம்மை நோயோடு தொடர்புடைய சீதளா தேவி கழுதைமேல் அமர்ந்து கையில் துடைப்பம் வைத்திருப்பாள். நம் பக்கம் பேச்சு வழக்கில் துடைப்பத்தை மூதேவியோடு சேர்க்கிறார்கள். ஆனால் அதே ஈர்க்குமாறிலிருந்து ஒரு குச்சியை உருவிக் குழந்தையைச் சுற்றித் திருஷ்டி கழித்துக் கொளுத்துவதும் நாம்தான். அழுக்கை விலக்கும் பொருள் தீங்கையும் விலக்கும் என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

19. சமண முனிவர்கள் கையில வெச்சிருக்கிறதும் துடைப்பமா?

ஆம், ஆனால் தரையைச் சுத்தமாக்க அல்ல. உட்காருமுன், நடக்குமுன் சிற்றுயிர்களை நசுக்காமல் மெல்ல ஒதுக்குவதற்கு. திகம்பர முனிவர்கள் மயில் தானாக உதிர்த்த பீலியைக் கட்டி வைத்திருப்பார்கள். சுவேதாம்பரர் கம்பளி இழையால் செய்தது வைத்திருப்பார்கள். எறும்புக்கு வலிக்காத மென்மை வேண்டும் என்பதால் ஈர்க்கு அங்கே ஆகாது.

20. துடைப்பக்கட்டைன்னா ஏன் அவ்வளவு பெரிய திட்டு?

தேய்ந்து குட்டையான மாறைக் கட்டை என்பார்கள். கூட்டி முடிந்து, சாக்கடைக்கும் கழிவறைக்கும் ஒதுக்கப்பட்டது. அதனால் அடிப்பேன் என்பது வலியைவிட இழிவை நினைத்துச் சொல்வது. "விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டினாற்போல" என்ற பழமொழியும் கருவியைத் தாழ்ந்ததாக வைத்தே பேசுகிறது.

இந்த இழிவு பொருளில் இல்லை, அதைப் பிடித்த கைகளை ஊர் பார்த்த பார்வையில் இருக்கிறது. மராட்டிய அரசை நடத்திய பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் காலடித் தடத்தைத் தாங்களே அழித்துக்கொண்டு நடக்க இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். சாதியைச் சேர்த்துக் குத்தும் சொல்லாக இது பல இடங்களில் இன்னும் புழங்குகிறது. வேடிக்கைக்குக்கூட யாரிடமும் சொல்லாதீர்கள்.

21. "விளக்குமாறால் அடித்தான்"னு எழுதினது தப்புன்னு திருத்திட்டாங்க. சரியா?

திருத்தியது சரி. விளக்குமாற்றால் என்றே எழுத வேண்டும். ஆறு ஆற்றால் ஆவது போல, சோறு சோற்றில் ஆவது போல, மாறு உருபு ஏற்கும்போது மாற்று ஆகும். பேச்சில் "வெளக்குமாத்தால" என்பது அதே விதியைத்தான் பின்பற்றுகிறது, பேசுகிறவர்கள் தப்பே செய்யவில்லை. இந்தப் பக்கத்தில் "மாறை", "மாறில்" என்று வருவது இன்றைய எழுத்து வழக்கின் தளர்ச்சி. தேர்வில் எழுதினால் மாற்றை, மாற்றில் என்றே எழுதுங்கள். துடைப்பத்தில் இந்தச் சிக்கலே இல்லை: துடைப்பத்தால்.

22. ஆபீஸ் கடிதத்துல "இதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு எழுதலாமா? படிக்கிறவங்க சிரிக்கிறாங்க.

இலக்கணப்படி பிழை இல்லை. இங்கே இருப்பது வேறு மாறு. வருமாறு, பின்வருமாறு, அனுப்புமாறு என்பதில் வருகிற 'படி' என்ற பொருளுள்ள மாறு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, 21ஆம் பதிலில் சொன்ன உருபு. துடைப்பமான விளக்குமாறு உருபு ஏற்று விளக்குமாற்றை, விளக்குமாற்றால் என்று மாறும். விளக்கும்படி என்ற பொருளுள்ள விளக்குமாறு எந்த உருபும் ஏற்காது, அதன்பின் கேட்டுக்கொள், சொல், பணி போன்ற வினைதான் வரும்.

இருந்தாலும் படிக்கிறவர் மனம் ஒரு நொடி துடைப்பத்துக்குப் போய்த் திரும்பும். கடிதத்தில் "விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" அல்லது "விளக்கம் தர வேண்டுகிறேன்" என்று எழுதிவிடுங்கள்.